பக்கத்து வீட்டு பிரேசில்காரி

ஸ்ஸ்ஸ்... என்று நிற்காமல் ஒரு சீறல். அமெரிக்காவில் சான் ஹோசேக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்து அப்பார்ட்மென்ட் சுவரைத் தாண்டி வந்தது. குக்கர் என்று தெரிந்தது. ஆனால் விசில் மட்டும் வரவே இல்லை.

வெயிட்டில் ஏதோ அடைத்துக்கொண்டது, வெடிக்கப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். ஓடிப்போய்க் கதவைத் தட்டி, திறந்த பெண்ணைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.

"பீன்ஸ்... ஒன்லி பீன்ஸ்," என்றாள் அவள், மிரண்டுபோய். அவர்கள் ஊர்க் குக்கர் விசிலே அடிக்காதாம். கடைசிவரை சீறிக்கொண்டேதான் இருக்குமாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள பூந்து ஸ்டவ்வ ஆஃப் பண்ணியா? அவ போலீஸ கூப்பிட்டிருந்தா என்ன பண்ணிருப்ப?"

அவள் கூப்பிடவில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் கறுப்பு பீன்ஸும் சோறும் கொண்டுவந்தாள். நான் ரசம் கொடுத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

பெயர் சிமோனி. கால்பந்து வீராங்கனை. பிரேசிலில் ஒரு சின்ன ஊரிலிருந்து கிளம்பி, ஸ்வீடனில் ஆடி, ஸ்பெயினில் ஆடி, இங்கே ஒரு பெண்கள் அணிக்கு வந்தவள். வந்ததும் முழங்காலில் ஆபரேஷன். சீசன் முழுக்க பெஞ்ச்தான். மறுபடி ஆடிக் காட்டாவிட்டால் கான்ட்ராக்ட் இல்லை, கான்ட்ராக்ட் இல்லாவிட்டால் விசா இல்லை.

அந்தப் பயத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எம்.எஸ்சி. முடித்துவிட்டும், கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்.

காலையில் பார்க்கிங் லாட்டில் அவள் ஓடுவாள். பாப்பாவை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நானும் சுற்றுவேன். வலித்தால் போர்ச்சுகீஸில் திட்டுவாள். யாரை என்று நான் கேட்டதில்லை.

சீசனின் கடைசி மேட்ச்... அரங்கில் பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். முடியப்போகும் நேரத்தில்தான் சிமோனியை இறக்கினார்கள். பந்து நேராக அவளிடம் வந்தது, அதே ஆபரேஷன் ஆன காலுக்கு. எதிரணியில் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்து எழுந்து கத்தினேன்.

"விடாத சிமோனி... ஓடு, ஓடு..."

ஓடினாள். இரண்டு பேரையும் தாண்டி அவள் தூக்கிக் கொடுத்த பந்தை இன்னொருத்தி தலையால் முட்டி கோல் ஆக்கினாள்.

முன்வரிசை அமெரிக்க அங்கிள் திரும்பி, "யுவர் சிஸ்டர்?" என்றார். "எஸ்," என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும். அன்றைக்கு வந்த பெருமை இன்னும் எனக்குக் குறையவில்லை.

வெளியே வந்ததும் சிமோனி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஐ ஹியர் யூ. ஓடு, ஓடு... ஐ ஹியர்."

கான்ட்ராக்ட் கிடைத்தது. அதற்குப் பிறகு ஜப்பானிலும் போய் ஆடினாள். இப்போது ஓய்வுபெற்று அவள் ஊரிலேயே இருக்கிறாள்.

எனக்கும் பிறகு வேலை செய்ய அனுமதி வந்தது. போன வாரம், இப்போது ஹைஸ்கூல் படிக்கும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்கள் மேட்ச் பார்க்கப் போனேன். அரங்கில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. சிமோனி காலத்தில் இந்தக் கூட்டம் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

பழக்கதோஷம், எழுந்து கத்தினேன். பாப்பா கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சிட் டவுன். தே கான்ட் ஹியர் யூ."

உண்மைதான். இத்தனை பேர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஆனால் நான் கத்தியதைக் கேட்டு ஓடியவள் ஒருத்தி இருந்தாள், பாப்பா.