மாமியார் முதுகும் என் காலும்

நான் கால் முந்திப் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளை உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. வல்லத்திராக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, ஊரில் யாருக்கு முதுகு பிடித்தாலும் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். மூன்று உதை. பாதிப் பேர் நிஜமாகவே எழுந்து போனார்கள். மருமகளாக எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்பதால் நானும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

யுத்தகாலத்தில் ஒரு தை மாதம், என் மாமியார் அவித்த நெல் அண்டாவைத் தூக்கப் போய், "ஆத்தாடி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அறுபது தாண்டிய உடம்பு. இரண்டு நாளாகியும் நிமிர முடியவில்லை. அவரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு வீடே என்னைப் பார்த்தது.

பாதத்தை மெல்ல வைத்துப் பார்த்தேன். பிடிப்பு என்றால் சதை கயிறு மாதிரி விறைத்திருக்கும். இங்கே நடுமுதுகில் ஓர் எலும்பு மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. தொட்டதற்கே அவர் அலறினார். காலை எடுத்துவிட்டேன்.

"ஒதைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"ஊரார் முதுகுன்னா ஒனக்கு இனிக்குது, எங்க ஆத்தா முதுகுன்னா கசக்குதா?" என்றார் என் கணவர். மாமியார் படுக்கையில் கிடந்தால் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வரும் என்று நான் கணக்குப் போடுவதாகச் சொன்னாள் ஓரகத்தி. மாமியாரே, "ஒரு ஒதை ஒதைச்சிட்டுப் போயேன்டி" என்று அழுதார்.

எனக்கு வந்ததே கோபம்! "வேணும்னா என் காலை வெட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டிலில் மாட்டை அவிழ்த்து நானே வண்டி பூட்டப் போனேன். பெண்பிள்ளை வண்டி பூட்டுவதை ஊர் பார்க்குமே என்றுதான் கணவர் ஓடிவந்தார். வைக்கோலைப் பரப்பி மாமியாரை அசையாமல் கிடத்திக் கொண்டுபோனோம்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் முதுகெலும்பை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "வயசானா எலும்பு உளுத்துப்போகும்மா. நடுவுல ஒண்ணு நசுங்கியிருக்கு. ஒதைச்சிருந்தா ரெண்டு காலும் வெளங்காமப் போயிருக்கும்" என்றார். மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும். வலி தணிந்ததும் துணிப்பட்டையை இறுக்கிக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். குனியவே கூடாது.

ஆறு வாரம் பலகையில் கிடந்தார். புரட்டிப் போட்டதும், துடைத்துவிட்டதும், பட்டை கட்டியதும் நான்தான். திட்டு வாங்கியதும் நான்தான். டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்ட கணவர் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

பங்குனியில் மாமியார் சுவரைப் பிடித்து எழுந்தார். பிறகு சுவரையும் விட்டார். கூன் மட்டும் போகவில்லை. அது போகாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஒருநாள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "மருமக ஒதைக்க மாட்டேன்னுட்டா. மாரியாத்தாதான் என்னய எந்திரிக்க வச்சா" என்றார். என் காதுபடவே சொன்னார்.

சொல்லட்டும். நின்றுகொண்டுதானே சொன்னார்.