வெளிநாடு போனீர்களா என்று கேட்டார்கள்

பேத்தி பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கில்தான் என் கணவருக்கு முதல் நடுக்கம் வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் மகள் நிலானியின் வீட்டு முன்னறை. ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. இவரின் கையில் தேநீர்க் கோப்பை தட்டோடு சேர்ந்து கிடுகிடுத்தது. ஆபிரிக்க வெயிலில் கிடந்த உடம்புக்கு லண்டன் குளிர் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வடை தின்றுகொண்டே நோய் கண்டுபிடிக்கும் திறமை எங்கள் ஆட்களுக்கு உண்டு.

மேற்கு ஆபிரிக்காவில் பிரெஞ்சு பேசும் டோகோ நாட்டின் தலைநகரம் லோமே. அங்கே ஒரு வருடம் குடியிருந்துவிட்டு, இந்தச் சடங்குக்காக வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஏன் அங்கே போனோம் என்றால், ஒரு வீடியோவைப் பார்த்துத்தான். கடற்கரையில் இளநீரோடு நின்ற ஒரு வெள்ளைக்காரன், லண்டனில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே மாடிவீடும் சமையல்காரியும் என்கிறான். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த இவருக்கு அது வேதவாக்காகிவிட்டது. பாரிஸ் சமையலறைகளில் பொறுக்கிய பிரெஞ்சு இனித்தான் உதவப்போகிறது என்றார். இப்படி ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பாரிஸில் நாங்கள் அகதிகள். பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தபோது, பிரான்சால் வந்த ஆட்கள். லோமேயில் இறங்கிய அன்றே எக்ஸ்பாட் (வசதியோடு வெளிநாட்டில் குடியிருக்கும் ஆள்) ஆகிவிட்டோம். தோலும் மாறவில்லை, பெட்டியும் மாறவில்லை. வாசல் காவலாளி இவரைப் ‘பத்ரோன்’ என்றான். முதலாளி என்று அர்த்தம். இருபது வருடம் மற்றவர்களை இவர் கூப்பிட்ட சொல் அது. அதைக் கேட்டதும் இவரின் நடையே மாறிவிட்டது.

சனிக்கிழமை மதியங்களில் கடற்கரை உணவகத்தில் ஓய்வுபெற்ற பெல்ஜியக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கூடுவார்கள். கதை ஒன்றுதான். வீட்டு வேலைக்காரர்கள் எப்படிச் சீனி திருடுகிறார்கள் என்பது. பாரிஸில் வெண்ணெய் திருடியதாகப் பழி சுமந்து ஒரு வேலையை இழந்த மனிதர், அவர்களோடு சேர்ந்து தலையாட்டினார். நான் மீன் தட்டைத் தள்ளிவைத்தேன். ஆனால் நானும் எழும்பிப் போகவில்லை. நிழல் நன்றாக இருந்தது.

எங்களுக்குச் சமைத்த அஃபி என்ற பெண் ஒவ்வொரு வாரமும் இவரின் கட்டிலில் நுளம்பு வலையைக் கட்டினாள். இவர் ஒவ்வொரு வாரமும் கழற்றினார். “நான் வன்னியில மலேரியாவோட வளந்தவன். நுளம்பு என்னை என்ன செய்யும்?” என்பார். தடுப்பு மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. குறட்டைக்குப் பயந்து நான் மற்ற அறையில், வலைக்குள் படுத்தேன்.

சிறுவயதில் வந்த மலேரியா தரும் எதிர்ப்புச் சக்தி, அந்த மண்ணை விட்டு நீங்கிச் சில வருடங்களில் கரைந்துபோகும். இதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். ஐம்பது வருடத்துக்கு முந்திய காய்ச்சலைப் பட்டம் போல் தூக்கித் திரிந்திருக்கிறார் மனிதர்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சடங்கு முடிந்த கையோடு இவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். நிலானி பச்சைக் குழந்தையோடு வீட்டில் நின்றாள். இளம் டாக்டர் ஒருவர், கடந்த சில மாதங்களில் வெளிநாடு எங்கேனும் போனீர்களா என்று கேட்டார். இவர் பல் கிட்டிக்கொண்டு கிடந்தார்.

“இல்லை,” என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? முப்பது வருடத்துக்கு முன் எங்களைக் களவாகப் பாரிஸுக்கு அழைத்து வந்த ஏஜென்சி சொல்லித் தந்த பாடம் அது. எந்த நாட்டுக்குள்ளால் வந்தாய் என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் கேட்டால் தெரியாது, போகவில்லை, காணவில்லை. உண்மை சொன்னால் வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். இப்போது என் கைப்பையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. என்னை யாரும் எங்கேயும் அனுப்பமுடியாது. ஆனால் கேள்வியைக் கேட்டதும் வாய் தன்பாட்டில் பதில் சொல்லிவிட்டது. இவரின் லோமே மாடிவீட்டுப் படங்களைத் தோர்ண்டன் ஹீத் முழுவதும் பார்த்திருந்தது. பார்க்கவேண்டிய ஒரே மனிதரிடம் நான் மறைத்தேன்.

வைரஸ் காய்ச்சலாக இருக்கும், கூடினால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை கண் மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனது. இவர் என்னைப் பார்த்து, “உய், ஷெஃப்,” என்றார். பாரிஸ் சமையலறையில் தலைமைச் சமையல்காரருக்குச் ‘சரி’ சொல்லிக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. அம்புலன்ஸ்காரர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்கமுன் நிலானி, ஒரு வருடம் டோகோவில் இருந்தவர்கள் என்றாள். அவர் உடனே தொலைபேசியை எடுத்தார்.

இரத்தத்தில் பல்சிபாரம் (மலேரியாக்களில் உயிரை எடுக்கக்கூடிய வகை). கிருமி மூளையைத் தாக்கியிருந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டதால் டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிப்பது). பதினான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல்நாள் குறிப்பில் பயணம் இல்லை என்று எழுதியிருக்கிறதே, யார் சொன்னது என்று டாக்டர் அம்மா கேட்டார். நான் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஒரு வருடமாக இவரை முட்டாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். இவரின் கட்டிலருகே கதிரையில் இருந்தபோது, இரண்டு பேரில் பெரிய முட்டாள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உயிர் தப்பியது. சிறுநீரகமும் மெல்ல மெல்ல வேலையைத் தொடங்கியது. ஞாபகம்தான் வரவில்லை. பேத்தியின் பெயரை நாளுக்கு நான்கு தடவை கேட்டார். ஜன்னலால் மழையைப் பார்த்து, கடற்கரைக்குப் போவம் வாரும் என்றார். திரும்பவும் வரலாம், வராமலும் விடலாம் என்றார் டாக்டர் அம்மா. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றால், சொன்னதை மறுநாள் மறந்துவிடும் மனிதரிடம் எப்படிக் கேட்பது? நான்கு மாதம் அப்படிப் போனது.

போன வாரம் கிளினிக். தாதி கணினியில் படிவம் திறந்து, அதே கேள்வியைக் கேட்டாள். வெளிநாடு எங்கேனும் போனீர்களா?

நான் தொடங்கினேன். யாழ்ப்பாணம், கொழும்பு, மொஸ்கோ. கடந்த ஒரு வருடம் போதும் என்றாள் அவள். எனக்குப் போதவில்லை. இந்த முப்பது வருடத்தில் எந்த மேசைக்கும் சொல்லாத பாதை அது. அவள் தடுத்தும் கேட்காமல் சொல்லிக்கொண்டே போனேன். கியேவில் ஏஜென்சிக்காரர் எங்களை ஆறு நாள் ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்றேன்.

“ஆறில்லையப்பா. பதினொரு நாள்,” என்றார் இவர், பக்கத்துக் கதிரையில் இருந்து. “உமக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரைக் கூப்பிட ஏலாமல் போச்சு. மறந்திட்டீரே?”

நான் மறந்துதான் போயிருந்தேன். அவர் சொன்னதும் என் நெற்றியில் ஒரு ஈரத்துணியின் குளிர் வந்து உட்கார்ந்தது. பதினொரு நாளும் அதை நனைத்து நனைத்துப் போட்டவர் இவர்.

இன்றைக்கு என்ன கிழமை என்று தாதி அவரைக் கேட்டாள். தெரியாது என்றார்.