படத்துக்காக மறைத்த பின்வாசல்

பொன்னமராவதி பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். ஒரே அறை, முன்னும் பின்னும் வாசல். வகுப்பறையை அழகாக அமைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள் மேலலுவலகத்தில். பின்வாசல் தகரக் கதவு துருப்பிடித்து அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறைத்து இரும்பு பீரோவை நிறுத்தி, சாமான்களை அதில் அடுக்கி, வெளியே விலங்குப் படங்களை ஒட்டினேன். பாராட்டு வந்தது.

மறுவாரம் பிள்ளைகள் தூங்கி எழும் நேரம், முன்வாசல் நிலைப்படியில் ஒரு நல்லபாம்பு கிடந்தது. பதினோரு பிள்ளைகளையும் பின்னால் ஒதுக்கிவிட்டு பீரோவைத் தள்ளினேன். அசையவில்லை. மூன்று வயது யாழினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், இங்கிட்டு ஒரு கதவு இருந்துச்சே, எங்க?"

பயம்கூட வரவில்லை. பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே நின்றேன். பாம்பு தானாக இறங்கிப் போயிருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த உதவியாளர் அக்கா வந்து உலுக்கும்வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தேனாம்.

அன்றே இருவருமாக பீரோவைக் காலி செய்து சுவரோரம் நகர்த்தினோம். இப்போது காலையில் முதல் வேலை, இரண்டு கதவுகளையும் திறந்து பார்ப்பதுதான். புதிதாக அனுப்பிய படத்தில் நட்டநடுவில் அந்தத் துருக்கதவு தெரிகிறது. நன்றாக இல்லை என்றார்கள். "இருக்கட்டுங்க" என்றேன்.