வராத படகைக் கரை சேர்த்தவர்கள்

ராமநாதபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த தங்கச்சிமடத்து அக்கா போனை நீட்டினார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு போட்டு கரை சேந்துருச்சுன்னு இதுல போட்டுருக்கு. ஜெட்டில நிக்கிற எங்கண்ணன் இன்னும் வரலைங்கிறான். எதைய்யா நம்ப?"

அது படகுகள் கரை திரும்புவதைக் காட்ட எங்கள் கம்பெனி செய்த ஆப்.

திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன தகவல் வேண்டும் என்று அந்தப் பகுதியின் நிரலுக்குள்ளேயே எழுதிவைப்போம். அதைப் படித்து ஒரு கருவி, எந்தத் தகவல் எப்படி வரும் என்ற விதிகளை, அதாவது டைப்ஸை, தானாக எழுதித் தரும். படகு திரும்பிய நேரம் காலியாகவும் வரலாம் என்று அது சொன்னது. காலியானால் என்ன காட்டுவது என்று எழுதாதவரை ஆப்பை உருவாக்கும் பில்ட் ஓடாது.

நேற்று டீம் லீட் அங்கே 'கரை சேர்ந்தது' என்று நிரப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்குப் போன் போட்டேன்.

"அது சும்மா டிஃபால்ட்டுப்பா. எல்லாம் பச்சையா தெரிஞ்சாத்தான் டெமோ பாக்க வாரவங்களுக்குப் பிடிக்கும்."

"அண்ணே, ஆளு கடல்ல இருக்காரு!"

"டெமோ முடியட்டும்."

அக்காவிடம் சொன்னேன்: "அது எங்க கம்பெனி போட்ட பொய்க்கா. போட்டுலருந்து தகவலே வரல."

"பொய்யவா எழுதி வச்சிருக்கீக?" என்றவர், உடனே அண்ணனை அழைத்தார். "போன்ல வந்தது பொய்யாம்ணே. தேடிப்போக ஆளச் சேரு."

லாப்டாப்பை மடியில் விரித்து, 'தகவல் இல்லை' என்று மாற்றி ஏற்றினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதை எழுதும்வரை படகு வரவில்லை. லீடிடமிருந்துதான் அழைப்பு மேல் அழைப்பு.

என் வேலை தப்புமா, சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். டிஃபால்ட்டாக 'தப்பும்' என்று போடவேண்டாம்.