குங்குமம் வாங்கிய மெஷின்

தியாகதுருகம் சாலையில் மூடிக் கிடந்த ஜவ்வரிசி ஆலையைக் கடைவளாகமாக்கிய முதலாளி, கிழங்கரைக்கும் பழைய மெஷினை மட்டும் அழகுக்கென்று வாசலில் நிறுத்தினார். கூலிக்கு அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவள் ஆயம்மாள். இடஒதுக்கீட்டு மறியல் நடந்த அன்று அவள் புருஷன் சின்னதுரையின் கையைக் கவ்விய சனியன் அதுதான். மறியல்காரர்கள் வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்ததால் ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே செத்தான். மெஷினடியில் அவன் ரத்தத்தைக் கழுவியவளும் அவளே.

திறப்பு விழாவில் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை.

"இன்னாம்மா இது, நல்ல காரியத்துல தாலியறுத்தவ எதிர்ல நிக்கிற? பின்னால போ!" என்று முதலாளி விரட்டினார்.

குங்குமம் திணித்த பூசணிக்காயை மெஷின் முன்னால் உடைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சிதறியதை அள்ள மட்டும் ஆயம்மாளைக் கூப்பிட்டார்கள். மெஷினடியில் வழிந்த சிவப்பை அவள் இரண்டாம் தடவையாகக் கழுவினாள்.