திரைக்குப் பின்னால் பார்த்த படம்

அம்மா இறந்த மாதத்தில்தான் எங்கள் கோயில் மைதானத்தில் படம் போட்டார்கள். இயேசுவின் கடைசி இரவு விருந்தை வரைந்த ஓவியரைப் பற்றிய வெளிநாட்டுப் படம் என்று சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். அது வாய் மாறி வாய் மாறி, ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க இயேசு படமாகிவிட்டது. சனம் ஜெபமாலையும் பாயுமாக வந்து சேர்ந்தது.

"ஊட்லயே அடைஞ்சி கெடக்காத, வா" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னை இழுத்துப் போனார். போகலாம் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வயதில் அப்படி மரத்துப் போயிருந்தேன். அடக்கத்தன்றுகூட நான் அழவில்லை. அதைவிட மோசம், அம்மாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. அடுப்படியில் நிற்கும் முதுகு வந்தது, கை வந்தது, முகம் மட்டும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பல் கொஞ்சம் எடுப்பு என்று அம்மா கேமராவைக் கண்டாலே ஓடிவிடுவாள். மாமா கல்யாண குரூப் போட்டோவில் மட்டும், ஓரமாக, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவளை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தரும்படி பஜார் ஸ்டுடியோவில் கொடுத்திருந்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் அந்த முகம் வேண்டியிருந்தது.

முன்பக்கம் இடமில்லை. திரைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. படத்தில் ஒரு பெண் உட்கார்ந்தே இருந்தாள், தாடிக்காரர் வரைந்துகொண்டே இருந்தார். "இன்னாபா, ஏசு எப்ப வருவாரு?" என்று ஒருவர் கத்தினார். விருந்து ஓவியம் ஒரு நிமிடம் வந்ததும் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அது போய் மறுபடி அந்தப் பெண்ணே வந்தாள். கோட்டுப் போட்ட நாலு பேர் அவள் புன்னகையின் மர்மம் என்ன என்று மாறி மாறிப் பேசினார்கள்.

"பல்லு எடுப்பா இருந்திருக்கும், வாயை மூடிகினு கீறா. இதுக்கு இத்தினி பேரா?" என்றார் அக்கா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பூசைக்கு முந்தின சாயங்காலம் படம் கைக்கு வந்தது. அப்பா பிரித்துப் பார்த்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். "யாருளா இது? ஒங்கம்ம இல்லையே" என்றார். முந்தானை வலது தோளில் கிடந்தது. இடது கன்னத்து மச்சம் வலதுக்குப் போயிருந்தது. திருப்பி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "நெகட்டிவ் பொரண்டுகிச்சி கண்ணு. வேற போடணும்னா ரெண்டு நாளு ஆவும்."

இரண்டு நாள் ஏது? அதையே தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கூடத்தைக் கடக்கும்போது பீரோக் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். என் கைகளுக்கு நடுவே அம்மா இருந்தாள். மச்சம் இடதில், முந்தானை இடதில், மூடிய உதடு. அவளேதான். அசையாமல் நின்றேன். அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் அவரே அந்தப் படத்தைக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நேராகப் பார்த்தால் யாரோ ஒரு பெண். கண்ணாடிக்குள் பார்த்தால் அம்மா.

திங்கட்கிழமை காலை ஃபேக்டரிக்குக் கிளம்பிய அப்பா தலை வாரிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "வாரேன், என்ன?" என்றார். சாப்பாட்டு டப்பாவோடு நான் பின்னால் நின்றிருந்தேன். அம்மா உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவர் அவளிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை.