கம்மல் யாருடையது

‘ஆபரண மரபு ஆலோசகர். பரம்பரையாக வந்த நகை ஞானமும் எவருக்கும் அஞ்சாத பேச்சும் உடையவர்.’

கிராஸ்கட் ரோட்டு நகைக்கடை ஒன்றின் முதல் மாடியில், ரூத்தின் படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் இப்படி எழுதியிருந்தது. ரூத்தின் பரம்பரை, நகையே போடாத கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அவர் காது குத்திக்கொண்டதே இல்லை. அஞ்சாத பேச்சைப் பொறுத்தவரை, தெருமுனையில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர் அவர். தமிழ் எம்.ஏ. படித்தது மட்டும் நிஜம். அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாண நகை எடுக்க வருகிறவர்களிடம், ஒவ்வொரு நகையின் பெயரும் எங்கிருந்து வந்தது என்று சுவையாகச் சொல்வதுதான் அவர் வேலை. கதை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சேதாரத்தைப் பற்றிக் கேட்பதில்லை என்பது மேனேஜர் மோகன்குமாரின் கண்டுபிடிப்பு. அந்தச் சந்தோஷத்தில் அவர் ரூத்தைப் பேசவைத்து வீடியோவும் எடுத்துப் போட்டார். தோடு தமிழ், கம்மலும் கொலுசும் தெலுங்கிலிருந்து வந்தவை, ஜிமிக்கி வடக்கிலிருந்து வந்தது என்று ரூத் அதில் சொல்லியிருந்தார்.

வீடியோவுக்குக் கீழே வசை குவிந்தது. ரூத் அதைப் படிக்காமல் தப்பித்துக்கொண்டார். கடைக்கு வந்த போனிலிருந்துதான் தப்ப முடியவில்லை.

“ஏனுங்க, அந்தக் கம்மல் அம்மணிங்களா? நான் சூலூர்ல இருந்து திருமூர்த்தி பேசறனுங்க. கம்மல் நம்ம வார்த்தையே இல்லீன்னு சொல்லிப்போட்டீங்களாமா. வெள்ளிக்கிழமை நேர்ல வாரேனுங்க. கூட ரெண்டு பேரு வருவாங்க. சாப்பிட்டீங்களா?”

திட்டியிருந்தால் போனை வைத்துவிடலாம். சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பவரை என்ன செய்வது? “சாப்பிட்டேனுங்க” என்றார் ரூத். அதற்குப் பிறகு அன்று அவருக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

“ஒண்ணும் ஆகாதுக்கா” என்றார் மோகன்குமார். “அவரை வச்சுட்டே கேமராவப் பார்த்து, தப்பாச் சொல்லிட்டேன், கம்மல் சுத்தமான தமிழ்தான்னு சொல்லிருங்க. முடிஞ்சுது.”

“அது பொய்யாச்சே தம்பி.”

“செய்கூலி இல்லைன்னு போர்டு வச்சிருக்கோம். அது பக்கத்துல இது எந்த மூலைக்கு? சொல்லலீன்னா உங்களுக்கு இந்த வேலை இருக்காதுக்கா.”

வெள்ளிக்கிழமை ரூத் காலையிலிருந்து லிஃப்டுக்கும் பின்படிக்கட்டுக்கும் நடுவிலேயே நின்றார். மூன்று பேரும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். கடை வழக்கப்படி அவர்களுக்குப் பாதாம் பால் வந்தது. திருமூர்த்தி அதைத் தொடவில்லை. ரூத்தின் காதுகளைத்தான் பார்த்தார்.

“காதுல ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. நீங்க எங்க கம்மலுக்குச் சாதி சொல்றீங்களா அம்மணி?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ரூத் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த வளையல்கள் மெல்ல ஒலிக்க ஆரம்பித்தன. கையை எடுத்துவிட்டார். மோகன்குமார் செல்போனை உயர்த்தித் தலையசைத்தார்.

“சொல்லுங்க அம்மணி. கம்மல் தமிழுங்களா, இல்லீங்களா?”

“தோடு தமிழுங்க” என்றார் ரூத். குரல் அவருக்கே கேட்கவில்லை. “முன்னெல்லாம் ஓலையச் சுருட்டிக் காதுல போட்டாங்க. தோடுன்னா அந்த ஓலைதானுங்க. தெலுங்குல ஓலைக்குக் கம்மன்னு பேருங்க. அதுதான் கம்மலாச்சுங்க.”

“அது கெடக்கட்டும். தமிழா, இல்லியா?”

“தெலுங்குங்க.”

மோகன்குமார் கண்ணை மூடிக்கொண்டார்.

“பவுனு?” என்றார் திருமூர்த்தி.

“அது இங்கிலீஷுங்க.” பயத்தில் பதில்கள் தாமாக வந்துகொண்டிருந்தன. “அவங்க பவுண்டு காசோட பேருங்க.”

திருமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்தார். “அப்ப என்ற பொண்ணு கல்யாணத்துக்கு நான் போடறதுல எங்களுதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?”

“இருக்குதுங்க. தோடு உங்களுதுங்க. வளையல் உங்களுதுங்க. மூக்குத்தியும் உங்களுதேதானுங்க.” பாகப் பிரிவினைக்கு வந்த பஞ்சாயத்தார் போல ரூத் பிரித்துக் கொடுத்தார், ஆனால் பஞ்சாயத்தார் யாரும் இப்படி அழுததில்லை. “கம்மல் மட்டும் இல்லீங்க.”

திருமூர்த்தி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

“நல்லதுங்க அம்மணி. நகையை நாங்க வேற கடையில எடுத்துக்கறோம். வாரேனுங்க.”

போகிறவர்கள் எல்லோரும் இந்த ஊரில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனாலும் ரூத் பல வாரங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் அவரைக் கீழே வெள்ளிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மாடியில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. வாசகம் அதே வாசகம். படம் மட்டும் இப்போது புதிதாகச் சேர்ந்த லின்சியுடையது.

ரூத் செய்தது இவ்வளவுதான்: ஓடிப்போக இரண்டு வழி இருந்த இடத்தில் நின்று, அழுதுகொண்டே, கம்மல் தெலுங்குச் சொல் என்று கேமரா முன் சொன்னார்.